மேடம் பேர் போட்ட இருபது செட்

அப்துல் அஜீஸின் ஜெராக்ஸ் கடைக்குள் போன எந்தத் தாளும் அங்கே தன் பிள்ளை ஒன்றை விட்டுவிட்டுத்தான் வெளியே வரும். தஞ்சாவூரில் கல்லூரி வாசலில் கடை போட்டிருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். பேராசிரியர் பாடக் குறிப்பைக் கொண்டுவந்து ஒரு பிரதி கேட்பார். கடைக்காரர் இரண்டாக எடுத்து ஒன்றை அலமாரியில் செருகிவிடுவார். அதற்கு மாஸ்டர் காப்பி என்று பெயர். மறுநாள் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் கும்பலாக வந்து, "மேம் நோட்ஸ் வந்துச்சா பாய்?" என்று நிற்பார்கள். அலமாரியிலிருந்து மாஸ்டர் இறங்கும். இதைத் திருட்டு என்று யாராவது சொல்லியிருந்தால் அஜீஸ் பாய் சண்டைக்கே போயிருப்பார். சண்டை போடத் தெரியாத மனிதர் என்பது வேறு விஷயம்.

அவர் அய்யம்பேட்டைக்காரர். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பிப் போய் மாடி மேல் மாடி கட்டிவிட்டார்கள். இவருக்கும் ஒருமுறை விசா வந்தது. ஏன் போகவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்பார், தனக்கு வெயில் ஆகாது என்பார். அந்த வாரம் செமஸ்டர் பரீட்சை, கடையில் கூட்டம் நெரிந்தது, விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்பதுதான் நிஜம். பரீட்சைக்கு முந்தின நாள் முகமெல்லாம் வெளிறிப்போய் வருகிற பிள்ளையின் கையில் சூடு ஆறாத தாள்கட்டைக் கொடுத்து, "போ தங்கம், இத மட்டும் படி, பாஸு" என்று சொல்வதில் அவருக்கு ஒரு சுகம். அந்தச் சுகத்துக்குத் துபாயில் யார் சம்பளம் கொடுப்பார்கள்?

அந்தக் கடைக்கு வெகுகாலமாக வந்துகொண்டிருப்பவர் பிரகதாம்பாள் மேடம். எதிர்க் கல்லூரியில் கணினிப் பாடம் எடுக்கிறார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மழையோ வெயிலோ கையில் ஒரு குடை, லேசில் சிரிக்காத முகம். பிள்ளைகள் முதல் வருஷத்தில் கற்கத் தொடங்கி முதல் வருஷத்திலேயே தோற்கிற ஒரு கணினி மொழி இருக்கிறதல்லவா, அதைத்தான் அவர் நடத்துகிறார். பிள்ளைகள் அவரைக் கண்டால் வழி மாறிப் போவார்கள். அஜீஸ் பாய்க்கு மட்டும் அவரிடம் பயம் கிடையாது. குறிப்பைக் கொடுத்துவிட்டு, "மாஸ்டர் எடுத்து வச்சுக்குங்க பாய், பசங்க வருவாங்க" என்று தானாகச் சொல்கிற ஒரே ஆசிரியர் அவர்தான். சில வருடங்களில் அதைச் சொல்வதும் நின்றுபோயிற்று. சொல்லாமலே நடந்துகொண்டிருந்தது.

இரண்டு வருடம் முன்பு ஒருநாள் மேடம் ஒரு டப்பா நிறைய திருவையாற்று அசோகா அல்வாவோடு கடைக்கு வந்தார். அவர் முகத்தில் பாய் பார்த்த முதல் சிரிப்பு அது. அந்தக் கணினி மொழிக்கு உலகம் முழுதும் பொதுவாக ஒரு விதிப்புத்தகம் உண்டாம். எதை எழுதினால் இயந்திரம் எதைச் செய்ய வேண்டும் என்று நாடுகள் எல்லாம் கூடி ஒப்புக்கொண்ட புத்தகம். அதைத் திருத்தும்போதெல்லாம் முதலில் ஒரு வரைவு போட்டு நாட்டுக்கு நாடு அனுப்புவார்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு குழு உட்கார்ந்து வரிவரியாகப் படித்து, இது சரியில்லை, அது விளங்கவில்லை என்று எழுதி அனுப்பும். நம் நாட்டுக் குழுவில் பெரிய பெரிய கம்பெனி ஆட்களுக்கு நடுவில் மேடத்துக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது. வருடக்கணக்காக எழுதிக் கேட்டு, பதிலே வராமல் மறுபடி கேட்டு வாங்கிய இடம். "நம்ம ஊர்லேருந்து யாருமே இதுக்கு முன்னாடி போனதில்ல பாய்" என்று டப்பாவைத் திறந்து நீட்டினார். விஷயம் பாதி புரிந்தும் புரியாமலும் பாய் இரண்டு கரண்டி அசோகா தின்றார்.

வரைவு இந்தப் புரட்டாசியில் வந்தது. திரையில் படித்தால் மேடத்துக்குக் கண் வலிக்கும். கையில் பென்சில் இல்லாமல் அவரால் படிக்கவும் முடியாது. சொந்த உபயோகத்துக்கு ஒரு பிரதி அச்சடித்துக்கொள்ளலாம் என்று குழுவே அனுமதித்திருந்தது. பென் டிரைவைக் கொண்டுவந்து பாயிடம் கொடுத்தார். அறுநூறு பக்கத்துக்கு மேல். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே மங்கலாக அவருடைய பெயர். அடியில் பொடி எழுத்தில், பிறருக்கு வழங்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

பாய் பெயரைப் பார்த்தார், பூரித்துப்போனார். பொடி எழுத்தைப் பார்க்கவில்லை. அச்சடித்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்தார். பழக்கம் கையிலேயே இருக்கிறதே, கூடவே ஒன்றை எடுத்து அலமாரியில் செருகினார். செமஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வந்து, மேம் ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டார்கள். "குடுத்துருக்காங்க. பக்கத்துக்குப் பக்கம் பேரே போட்டுக் குடுத்துருக்காங்கன்னா பாத்துக்க, இதுலேருந்துதான் கேள்வி" என்று மாஸ்டரை இறக்கினார். இருபது செட் போயிற்று. இன்னும் போயிருக்கும், ஆயுத பூஜை விடுமுறை வந்துவிட்டது.

விடுமுறைக்கு முந்தின நாள் மத்தியானம் மேடம் கடைக்குள் வந்தார். கையில் ஒரு ஸ்பைரல் புத்தகம்.

"பாய், இது என் கிளாஸ்ல ஒரு பையன் பெஞ்சுல இருந்துச்சு. எப்படி வந்துச்சு?"

"நம்ம கடைதான் மேடம்!" என்றார் பாய், முகமெல்லாம் பல்லாக. "இருபது செட் போட்டேன். உங்க நோட்ஸுக்கு இவ்ளோ கிராக்கி இருந்ததே இல்ல."

மேடம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் கடையில் அவர் அதற்குமுன் உட்கார்ந்ததே இல்லை. புத்தகத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டி மெதுவாகச் சொன்னார். "இது நோட்ஸ் இல்ல பாய். அந்தக் குழு என்னை நம்பி, என் பேர்ல குடுத்தது. வெளியில விட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

பாயின் சிரிப்பு அப்படியே நின்றது. "அமானிதமா மேடம்?"

நம்பி ஒப்படைத்த பொருளுக்கு அவர்கள் வீட்டில் சொல்கிற சொல் அது. அதில் கை வைத்தவனை மனிதனாகவே எண்ணமாட்டார்கள். மேடம் தலையசைத்தார். யாருடைய தாளாக இருந்தாலும் ஒன்றைக் கூட எடுத்து வைக்கிற அந்தப் பழக்கம், இத்தனை காலம் தான் பெருமைப்பட்ட அந்தப் பழக்கம், இந்த அம்மாவின் கழுத்தில் கத்தியாக வந்து உட்கார்ந்துவிட்டதே என்று அவருக்கு அழுகை முட்டியது.

"நான் சொல்லியிருக்கணும். என் தப்புதான்" என்றார் மேடம். அவர் திட்டியிருந்தால் பாய்க்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

விஷயம் அதோடு முடியவில்லை. காலையிலேயே மேடம் பிரதி வெளியில் போய்விட்டதைக் குழுவின் செயலாளருக்கு எழுதிவிட்டார். அவரிடமிருந்து பதிலும் வந்துவிட்டது. எல்லாப் பிரதிகளையும் திரும்பப் பெற்று அழித்துவிட்டு, சரஸ்வதி பூஜை அன்று மாலைக்குள் உறுதிசெய்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் குழுவிலிருந்து பெயர் எடுக்கப்படும்.

"ஏன் மேடம் நீங்களா போய்ச் சொன்னீங்க? யாருக்குத் தெரியப் போவுது?"

"பக்கத்துக்குப் பக்கம் என் பேரு பாய். என் பேரு ஊரெல்லாம் சுத்திக்கிட்டு இருக்கு, நான் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கவா?"

அன்று பாய் மத்தியானமே கடையை இழுத்துச் சாத்தினார். பரீட்சைக் காலத்தில் அந்த ஷட்டர் பகலில் இறங்கியதைப் பார்த்த பக்கத்து டீக்கடைக்காரர், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடிவந்தார். பாய் விடுதிக்குப் போய்ப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளை மறித்தார். பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் ஜன்னலாகத் தட்டினார். எந்தப் பிள்ளை எதை வாங்கியது என்பது அவர் எழுதி வைக்கிற சமாச்சாரம் இல்லை. முகம் அவருக்கு மறக்காது, அவ்வளவுதான். "தங்கம், அந்தப் புக்க குடுத்துரு. பாய் தப்பு பண்ணிட்டேன்" என்று கேட்டு வாங்கினார். ஒரு பையனும் முகம் சுளிக்கவில்லை. "அப்ப இதுலேருந்து வராதா பாய்?" என்று மட்டும் சிலர் கவலைப்பட்டார்கள். ஊருக்குப் போய்விட்டவர்களைத் தேடி மறுநாள் பேராவூரணி வரை போனார். அங்கே சேரன் என்ற பையன் புத்தகத்தோடு ஒரு குலை இளநீரும் கொடுத்து அனுப்பினான். பஸ்ஸில் அந்தக் குலையை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்குத் தண்டனை கிடைக்க வேண்டியது, யாருக்கு இளநீர் கிடைக்கிறது என்று நொந்துகொண்டே வந்தார்.

கடைசியில் ஒன்று மட்டும் பாக்கி. தரங்கம்பாடிப் பெண் பிரதீபாவின் பிரதி. அவள் போனில் கிடைக்கவில்லை.

சரஸ்வதி பூஜை அன்று காலையில் பஸ் ஏறி, மயிலாடுதுறையில் மாறி, கடற்கரைத் தெருவில் அவள் வீட்டைக் கண்டுபிடிக்கும்போது உச்சிவேளை தாண்டியிருந்தது. தெருவெல்லாம் பொரி, அவல், கடலை வாசனை. கரையில் படகுகளுக்கு மாலை போட்டிருந்தார்கள். பிரதீபாவின் அப்பா காயாரோகணம் தன் படகுக்குத் திருநீறு பூசிக்கொண்டு அங்கேதான் இருந்தார். வீட்டில் அவள் அம்மா சௌந்தரநாயகி வாசலுக்கு வந்தாள்.

பாய் விஷயத்தைச் சொன்னார். பிரதீபாவுக்கு முகம் செத்துப்போயிற்று.

"பாய், அது பூசையில இருக்கு."

கூடத்தில் படத்துக்கு முன்னால் மணை போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்து அடுக்கியிருந்தார்கள். வலை பின்னுகிற ஊசி, படகில் திசை காட்டுகிற கருவி, பிரதீபாவின் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஸ்பைரல். முதல் பக்கத்தில் மேடத்தின் பெயருக்கு மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பரீட்சைக்கு அதுதான் முக்கியம் என்று பாய் சொன்னதால் அதை மேலே வைத்தாளாம் பெண்.

பூஜையில் வைத்த புத்தகத்தை அன்று எடுக்கக் கூடாது, படிக்கவும் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபடி பூஜை செய்து, எடுத்து நான்கு வரி படித்த பிறகுதான் அது கைக்கு வரும். இது பாய்க்குத் தெரியாததல்ல. அந்த ஒருநாள் மட்டும் அவர் கடைக்கு ஈ காக்கை வராது. வருடா வருடம் அனுபவித்தவர்தான். ஆனால் தேடி அலைந்த அலைச்சலில் அந்த நினைப்பே அவருக்கு வரவில்லை.

"எடுத்துக் குடுத்துடலாம்மா. மேமுக்கு வேலையே போயிடும் போலருக்கு" என்று பிரதீபா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

சௌந்தரநாயகி படத்தைப் பார்த்தாள், வாசல் வழியாகக் கடலைப் பார்த்தாள். "நாளைக்கு மத்தியானம் இவங்கப்பா கடலுக்குப் போவணும் பாய். பூசையக் கலைச்சிட்டு அனுப்ப மனசு கேக்கல" என்றாள். பிறகு அவளே, "படிச்சுக் குடுக்குற அம்மாவுக்கு எங்களால ஒரு கெடுதல் வர வேணாம். நீங்க சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்" என்று மணையருகே போனாள். நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டினாள்.

அதை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தால், மாலைக்குள் எல்லாம் வந்துவிட்டது என்று மேடம் எழுதிவிடலாம். அவர் இடம் நிலைக்கும். பாய் செய்த பாவத்துக்கும் பரிகாரம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாய் அந்தக் கையையே பார்த்தார். யாரோ நம்பி வைத்த பொருளைக் கேட்காமல் எடுத்ததால் வந்த வினையைத் தீர்க்க, இன்னொருத்தி நம்பி வைத்ததையும் கலைப்பதா? அவருக்கு அது சகிக்கவில்லை.

"வேணாம்மா. வச்சது வச்சபடி இருக்கட்டும்" என்றார். வெளியே வந்து, படகு நிழலில் நின்றுகொண்டு மேடத்துக்குப் போன் போட்டார்.

"மேடம், ஒண்ணு வரல. இருக்கு, கண்ணால பாத்துட்டேன். ஆனா பூசையில இருக்கு. எடுத்துக் குடுக்குறேன்னுதான் சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். என்னை மன்னிச்சுக்குங்க. உங்க குழுக்காரங்க நம்பர் குடுங்க, நான் பேசுறேன். தப்பு பண்ணவன் நான், என்னைக் கேக்கட்டும்."

அலைச் சத்தத்தில் லைன் கட்டாகிவிட்டதோ என்று பாய் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"பாய்," என்றார் மேடம். "என் காப்பியும் பூசையிலதான் இருக்கு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அசோகா கொண்டுவந்த நாளுக்கப்புறம் பாய் கேட்கிற இரண்டாவது சிரிப்பு. "குழுவுக்கு அனுப்ப வேண்டிய கருத்தை எழுதக்கூட இன்னிக்கு என்னால அதத் தொட முடியல. அவங்கள மட்டும் எடுக்கச் சொல்றதா? நீங்க பண்ணதுதான் சரி. நாளைக்கு வாங்கிட்டு வாங்க. நான் நடந்ததை நடந்தபடி எழுதிடறேன்."

"பேரை எடுத்துட்டாங்கன்னா மேடம்?"

"எடுத்தா எடுக்கட்டும்" என்றார். எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய இடம் என்று பாய்க்குத் தெரியும்.

இரவு பொறையாரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் போனார். தீபாராதனை முடிந்ததும் பிரதீபா புத்தகத்தை எடுத்து, குறிப்பிட்டு எந்தப் பக்கம் என்றில்லாமல் விரித்து, சத்தமாக நான்கு வரி படித்தாள். அம்மாவுக்கும் புரியவில்லை, பாய்க்கும் புரியவில்லை. அவளுக்கே புரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அம்மாவும் பாயும் கைகூப்பாத குறையாகக் கேட்டார்கள். பிறகு பிரதீபா இரண்டு கையாலும் அதைப் பாயிடம் கொடுத்தாள்.

ஊர் திரும்பியதும் மற்ற பிரதிகளையெல்லாம் கடையில் தாள் வெட்டுகிற இயந்திரத்தில் வைத்து, மேடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாய் பொடிப்பொடியாக நறுக்கினார். கடைசிப் பிரதி வந்ததும் கை நின்றுவிட்டது. சந்தனம் காய்ந்த அந்தப் பக்கத்தின்மேல் கத்தியை இறக்க அவருக்குத் துணிவில்லை. மேடத்தைப் பார்த்தார். மேடமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பூசையில வச்சத ஆத்துல விடுறதுதான் எங்க வழக்கம்" என்றார் மேடம் கடைசியில்.

இருவரும் திருவையாற்று பஸ்ஸில் ஏறினார்கள். மேடம் முன்னால் பெண்கள் இருக்கையில், பாய் கடைசியில் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. படித்துறையில் உட்கார்ந்து பாய் ஸ்பைரல் கம்பியைச் சுருள் சுருளாக உருவினார், பிளாஸ்டிக் அட்டையைத் தனியே எடுத்துப் பையில் போட்டார். தாள்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் அமிழ்த்திக் கரைத்து விட்டார்கள். காவிரி நிறைந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாளிலும் மேடத்தின் பெயர் நனைந்து, மங்கி, ஆற்றோடு போயிற்று. யாரோ காரியம் செய்ய வந்திருக்கிறார்கள் என்று எண்ணி ஒரு புரோகிதர் பக்கத்தில் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

மேடம் செயலாளருக்கு எழுதியது இவ்வளவுதான்: பத்தொன்பது பிரதிகளும் மாஸ்டரும் வெட்டி அழிக்கப்பட்டன. ஒரு பிரதி வழிபாட்டில் இருந்தபடியால் கெடு தாண்டி மறுநாள் பெறப்பட்டு, காவிரி ஆற்றில் கரைக்கப்பட்டது. பிரதி எடுத்த கடை எது என்று செயலாளர் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு அவர் எழுதிய பதில்: சொல்லாமல் கொடுத்தது நான்.

பதில் வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்க பாய் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி மேடத்திடமே வந்து முறையிட்டாள். பதில் இரண்டே வரி. விவரம் பதிவு செய்யப்பட்டது. உங்கள் கருத்துகளைக் குறித்த தேதிக்குள் அனுப்பவும். அதாவது பெயர் இருக்கிறது. மேடம் அதைப் படித்துக் காட்டியபோது பாய் கல்லாவுக்குப் பின்னால் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திருத்திய வரைவு பிறகொரு மழைநாளில் வந்தது. மேடம் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்து பென் டிரைவை நீட்டினார். பாய் அதைக் கையாலும் தொடவில்லை. "நீங்களே போட்டுக்குங்க மேடம். பச்சை பட்டன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி, கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மழை அவர் தொப்பியிலிருந்து சொட்டியது. வந்த பிள்ளைகளையெல்லாம் கையை விரித்து மறித்தார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே கடகடவென்று ஒரு சத்தம், பிறகு நிசப்தம். "பாய், பேப்பர் சிக்கிக்கிச்சு!" என்று மேடம் கூப்பிட்டார்.

"வெளிய வந்த தாளையெல்லாம் கவுத்துப் போடுங்க மேடம், வர்றேன்" என்றார் பாய் திரும்பாமலே. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, கல்லாவைத் தடவி, நாற்காலியைத் தடவி உள்ளே போனார். அந்த இயந்திரத்தைத் திறக்க அவருக்குக் கண் தேவையில்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்து, உருளையைத் திருப்பி, கசங்கிய தாளை விரல் நுனியால் உருவி எடுத்து மேடம் இருந்த பக்கமாக நீட்டினார்.

"கண்ணத் தொறங்க பாய்" என்றார் மேடம்.

"முதல்ல அத வாங்கிக்குங்க" என்றார் அவர்.